நாளொன்றுக்கு அறுநூற்றைம்பது சுற்று

திங்கட்கிழமை ராத்திரி
இரண்டே முக்காலுக்கு நின்றிருக்கிறது.
காலையில் காதோடு வைத்துக் கேட்டேன்.
ஃபிரிட்ஜ் சத்தம்தான் கேட்டது.

ஒன்பது வருஷம் நிற்காத வாட்ச்.
சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி கிடையாது.
கை அசைந்தால் உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுழலும்,
அந்தச் சுழற்சியே அதற்குச் சோறு.
ஐந்து ரோட்டில் நின்றவளின் கைக்கு
அசைவுக்கா பஞ்சம்?
ஓமலூர் பஸ் நில்லு, ஏற்காடு கார் வா,
ஏய் மாம்பழ லோடு, நீ எங்கே நுழையறே.
ராத்திரி கழற்றி வைத்தாலும்
விடியும்வரை அது என் பகலைத் தின்றுகொண்டிருக்கும்.

இப்போது தோள் உறைந்துவிட்டது.
டாக்டர் சொன்ன சொல் அது, உறைதல்.
சேலத்து வெயிலிலா என்று
எனக்கே சிரிப்பு வந்தது.
கொண்டை போட மகள் வரவேண்டும்.
கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றினார்கள்:
பதினாறு திரை, ஒரு நாற்காலி.
வலது கை மவுஸ் பிடிக்கும்,
இடது கை மடியில் கிடக்கும்
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
குழந்தை மாதிரி.

செர்ரி ரோட்டுக் கடையில் ரவூப்
நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தான்.
"வைண்டர்ங்க. கை செய்யற வேலைய இது செய்யும்."
ஒன்று வலமாக மட்டும் சுற்றும்.
ஒன்று கண்ணாடி மூடி, நீல விளக்கு, பன்னிரண்டாயிரம்,
உள்ளே சாமியை உட்கார வைக்கலாம்.
ஒன்றில் மோட்டார் கொசு மாதிரி முனகியது,
"பெட்ரூம்ல வெக்காதீங்க" என்று அவனே சொன்னான்.
"உங்க வாட்ச்சுக்கு ரெண்டு பக்கமும் சுத்தணும்,
நாளைக்கு அறுநூத்தி அம்பது. அதுக்கு மேல வீண்."
பிறகு கேட்டான்,
"மேடம் ஒரு நாளைக்கு எவ்ளோ கை அசைப்பீங்க?"

எத்தனை ஃபைன், எத்தனை ஹெல்மெட்
எல்லாம் எழுதியிருக்கிறேன்.
கையை எழுத ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.

தனகோபாலிடம் விலை சொன்னேன்.
ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி மில்லில் சூப்பர்வைசர் அவர்.
"மாவு குலுக்கற மிஷின் நாள் பூரா ஆடுது,
அதுல கட்டி விடறேன், குடு" என்றார்.
கேலிதான்.
ஆனாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன்,
வாட்ச் வெள்ளை மாவோடு
சாயங்காலம் வீடு திரும்புவதை.

புதன்கிழமை பிசியோதெரபி.
மேஜையைப் பிடித்துக் குனியச் சொன்னார் பிலோமினா.
"கைய தொங்கவிடுங்க, கல்லு கட்டின கயிறு மாதிரி.
வலமா இருவது. இடமா இருவது.
வீட்ல செய்யறீங்களா?"
செய்கிறேன் என்றேன்.
பொய் என்று அவருக்கும் தெரியும், தோளுக்கும் தெரியும்.
குனிந்தபடியே கேட்டேன்,
"ஒரு பக்கம் மட்டும் சுத்தினா போதாதா?"
போதாதாம்.

ஒரு வேளைக்கு நாற்பது, மூன்று வேளைக்கு நூற்றிருபது.
அறுநூற்றைம்பதுக்கு ஐந்நூற்று முப்பது பாக்கி.
டவுன் பஸ்ஸில் நின்றபடி கூட்டிப் பார்த்தேன்,
ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மூவாயிரத்து இருநூறு ரூபாய்ப் பெட்டியை வாங்கினேன்.
காரணம் விலை இல்லை.
சரி, விலையும்தான்.
அது இரண்டு நிமிஷம் சுற்றுகிறது,
எட்டு நிமிஷம் சும்மா நிற்கிறது.
"மோட்டாருக்கு ரெஸ்ட் வேணும்ல" என்றான் ரவூப்,
பில் எழுதிக்கொண்டே.
பதினோரு வருஷ டூட்டி ரோஸ்டரில்
இந்த வாக்கியத்தை நான் படித்ததில்லை.

ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.
அது சுற்ற ஆரம்பித்தால்
சமையல் மேடையைப் பிடித்துக் குனிகிறேன்.
வலமாக அது, வலமாக நான்.
ஏழில் ஊசி குத்துகிறது,
பதினொன்றில் குக்கர் கத்துகிறது.
மகள் வந்து பார்த்து
ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைக்கிறாள்.

நேற்று ஏழாம் திரையில்
ஐந்து ரோட்டில் புதுப் பையன் ஒருவன்.
மத்தியானம். அவன் நிழல் அவன் காலடியிலேயே கிடந்தது.
வாட்ச் கட்டியிருக்கிறானா தெரியவில்லை,
படம் அவ்வளவு தெளிவில்லை.
அவன் கை ஏறுவதை எண்ண ஆரம்பித்தேன்.
இருநூற்றுப் பதினாலில்
போன் அடித்தது.